பழைய வேன்ல இன்ஜின் மாத்துனா மைலேஜ் ஏறுமா? ராம்நாடு கரைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் உச்சிப்புளிக்காரன். 1996 மாடல் டெம்போ டிராவலர் ஒண்ணு வச்சிருக்கேன். சீட்ட எல்லாம் கழட்டிட்டு உள்ள ஒரு கட்டில், ரெண்டு பர்னர் அடுப்பு, 100 லிட்டர் தண்ணி டேங்க்னு போட்டு வீட்டு வேனா மாத்தி வச்சிருக்கு. மெக்கானிக் கிடையாது. அப்பா விசைப்படகுல டிரைவரா இருந்தவரு, சின்ன வயசுல இருந்தே டீசல் நாத்தத்துலயே வளந்ததால இன்ஜின் சத்தம் கொஞ்சம் புரியும், அவ்வளவுதான். இந்த வண்டில ஒரு தடவ வேற இன்ஜின் ஏத்தி, ரெண்டு வருஷம் ஓட்டி, மறுபடி பழைய இன்ஜினுக்கே திரும்புன கதை இந்தப் பக்கம் கொஞ்சம் பரவிருச்சு, அதுல இருந்து டீக்கடைல நின்னாக்கூட யாராவது வந்து இதே கேள்வியத்தான் கேக்குறாங்க. அதான் மொத்தமா எழுதிப் போட்டுட்டேன்.

அண்ணே, என் டிராவலர் லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் குடுக்குது. இன்ஜின மாத்துனா 11 வரும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

மொதல்ல ஒரு கணக்கப் போடுங்க. வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க? வாடகை வண்டி இல்ல, குடும்பத்தோட லீவுக்கு லீவு போற வண்டி, மிஞ்சிப் போனா 6,000 கிலோமீட்டர். 8 குடுத்தா 750 லிட்டர் ஆகும். 11 குடுத்தா 545 லிட்டர். மிச்சம் 205 லிட்டர். டீசல் 90 ரூபாய்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 18,400 ரூபாய் சொச்சம். இன்ஜின், கியர் பாக்ஸ், மவுண்டிங் வெல்டிங், லேத் வேலை, ரேடியேட்டர், ஜாயிண்ட் ராடு வெட்டி ஒட்டுற கூலின்னு எனக்கு ஆனது கிட்டத்தட்ட 2 லட்சம். ஆக போட்ட காசு திரும்பி வர பதினோரு வருஷம். அதுவரைக்கும் நம்ம உப்புக் காத்துல அந்த பாடி நிக்குமான்னு நீங்களே சொல்லுங்க.

இத்தனைக்கும் அந்த 11 உண்மையிலயே வந்தாத்தான் இந்தக் கணக்கு. எனக்கு வரல, அதைக் கீழ சொல்றேன்.

மைலேஜுக்காக மட்டும் மாத்தாதீங்க. பழைய இன்ஜினுக்கு சாமான் கிடைக்கல, பிளாக் வெடிச்சிருச்சு, இனி ஓவராயில் பண்ணவே முடியாதுன்னு மெக்கானிக் கையை விரிச்சுட்டாருன்னா அது வேற சோலி.

6 குடுக்குற வண்டிய 8 ஆக்குறது பெருசா, 12 குடுக்குறத 15 ஆக்குறது பெருசா?

எல்லாரும் 12-ல இருந்து 15-ன்னுதான் சொல்லுவாங்க, 3 ஏறுதுல்ல. ஆனா 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னு பாருங்க. 6 குடுக்குற வண்டி 16.7 லிட்டர் குடிக்குது, 8 ஆனா 12.5. மிச்சம் 4 லிட்டருக்கு மேல. 12 குடுக்குறது 8.3 லிட்டர், 15 ஆனா 6.7, மிச்சம் ஒண்ணரை லிட்டர் சொச்சம்தான். அதனால ரொம்ப மோசமா குடிக்கிற வண்டியக் கொஞ்சம் சரி பண்ணாலே நல்ல காசு மிஞ்சும். நல்லா ஓடுற வண்டிய நோண்டுறதுலதான் காசு கரையும்.

நீங்க என்ன இன்ஜின் போட்டீங்க, ஏன் கழட்டுனீங்க?

வண்டிய வாங்குறப்பவே இன்ஜின் போயிருந்துச்சு, புகை தள்ளுது, ஆயில் அடிக்குது, மண்டபம் கேம்ப் தாண்டுறதுக்குள்ள ஒரு லிட்டர் ஆயில் காணாமப் போயிரும். மதுரைப் பக்கம் ஒரு பட்டறைல மஹிந்திரா ஜீப்போட டிஐ இன்ஜின் போட்டுருவோம், சாமான் எங்கிட்டு வேணாலும் கிடைக்கும், மைலேஜும் அள்ளும்னாங்க. அவங்க சொன்னதுல ஒரு பாதி உண்மைதான். பழைய டிராவலர்ல இருக்குறது பென்ஸோட ஓஎம் 616 வழி வந்த 2.4 லிட்டர் இன்ஜின், அதுல டீசல் நேரா சிலிண்டருக்குள்ள போகாது, தலைல இருக்குற ஒரு சின்ன அறைக்குள்ள எரிஞ்சுதான் வெளிய வரும். அந்த அறைச் சுவர் வழியா சூடு வீணாப் போகும். மஹிந்திரா டிஐ 2,523 சிசி, பேருலயே இருக்கு, டைரக்ட் இன்ஜெக்‌ஷன், நேரா பிஸ்டன் தலைல அடிக்கும். ஒரே அளவு வேலைக்கு டைரக்ட் இன்ஜெக்‌ஷன் 10-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் குறைச்சலாக் குடிக்கும்ங்கறது பொதுவா டீசல்காரங்க எல்லாரும் ஒத்துக்குற விஷயம். பதிலுக்கு சத்தம், அதிர்வு. ராத்திரி ஓட்டிக்கிட்டு வந்தா உள்ள அலமாரில இருக்குற எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கச்சேரி பண்ணும்.

ஓட்டுன மொத மாசம் 12.5 வந்துச்சு. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் ஒரு நாள் சும்மா பாக்குறப்ப ராம்நாட்ல இருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர் இருக்குற ரோடு மீட்டர்ல 64-ன்னு காட்டுது. மறுநாள் வெள்ளன எந்திரிச்சு மதுரை ரோட்டுல கிலோமீட்டர் கல்லு பாத்து ஓட்டுனேன், கல்லு கணக்குல 50, மீட்டர்ல 58. கியர் பாக்ஸும் சேத்து மாத்துனதுல மீட்டர் கேபிள் பல்லு வேற, அது வேகமாச் சுத்துது. அப்போ 12.5-ன்னு நான் பீத்திக்கிட்டது நிஜத்துல 10.8 தான்.

கழட்டுனதுக்குக் காரணம் அது இல்ல. ரெண்டு காரணம். ஒண்ணு பிரேக், ஒண்ணு எஃப்.சி. (வண்டி ரோட்டுல ஓடத் தகுதின்னு குடுக்குற சான்று). பிரேக் கதையத் தனியாச் சொல்றேன், அது முக்கியம்.

பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?

நானும் அப்படித்தான் நெனச்சேன். பெட்ரோல் இன்ஜின்ல காத்து உள்ள போற குழாய்ல (மேனிஃபோல்டு) தானா ஒரு உறிஞ்சல் இருக்கும், பிரேக் மிதிய லேசாக்குற பூஸ்டர் அதுலதான் வேலை செய்யும். டீசல்ல அது கிடையாது, காத்து தடையில்லாம உள்ள போகுது. அதனால டைனமோவுக்குப் பின்னாடியோ வேற எங்கயோ அந்த உறிஞ்சலக் குடுக்க ஒரு வேக்குவம் பம்ப் வச்சிருப்பாங்க. எனக்கு மாட்டுன இன்ஜின்ல டைனமோ பழசு, அந்த பம்ப் தேஞ்சு போனது. பட்டறைல யாரும் பாக்கல, நானும் கேக்கல. ஊருக்குள்ள மெதுவா ஓட்டுறப்பத் தெரியாது, ஏன்னா ஒரு மிதிக்குத் தேவையான அளவு சேந்துரும்.

பாம்பன் ரோட்டுப் பாலம் தெரியும்ல, நடு உச்சில எல்லாரும் வண்டிய நிப்பாட்டி ரயில் பாலத்தப் போட்டோ எடுப்பாங்க. தங்கச்சிமடம் பக்கம் இறங்குறப்ப முன்னாடி ஒரு ஆட்டோ, அதுக்கு முன்னாடி ஐயப்ப பக்தர்கள் பஸ்ஸு, எல்லாம் விட்டு விட்டு நகருது. மொத மிதி நின்னுச்சு. ரெண்டாவது மிதி கொஞ்சம் கனம். மூணாவது மிதிக்கு பெடல் கட்டை மாதிரி ஆயிருச்சு, காலு ரெண்டையும் வச்சு அமுக்குறேன், வண்டி பாட்டுக்கு போகுது. செகண்ட் கியருக்குத் தள்ளி, கை பிரேக்க இழுத்து, ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கப்ப நின்னுச்சு. பின்னாடி கட்டில்ல தூங்கிட்டு இருந்த எங்க வீட்டம்மா உருண்டு வந்து என் சீட்டுல முட்டி, "என்னங்க, பாலத்துலயே இறக்கி விட்டுருவீங்க போல"ன்னா. அன்னிக்கு அது சிரிப்பா வரல.

யாரு இன்ஜின் மாத்துனாலும் வேக்குவம் பம்ப், பூஸ்டர் ஹோஸ், அதுல இருக்குற ஒன் வே வால்வு மூணையும் புதுசாப் போடுங்க. வண்டிய நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு இறுக்கமாக்கி, மிதிச்ச காலோட இன்ஜின ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா வண்டிய ரோட்டுக்கு எடுக்காதீங்க.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?

1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா ஆர்.சி. புக்குல இருக்குறது மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாச் சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாம மாத்துற ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு போட்டிருக்காங்க.

நடைமுறைல என்ன அர்த்தம்னா, அதே கம்பெனி அதே டைப் இன்ஜின வேற நம்பரோட மாத்துறதுக்கு வழி இருக்கு. முன்கூட்டியே அனுமதி கேட்டு, இன்ஜின் வாங்குன பில்லு, பேப்பர் எல்லாம் வச்சு, வண்டியக் காட்டி, ஆர்.சி.ல புது நம்பர ஏத்திக்கணும். அனுமதி வாங்காம மாத்திட்டா 14 நாளுக்குள்ள சொல்லணும்னு சட்டத்துல இருக்கு, சொல்லிட்டா எல்லாம் சரியாயிரும்னு அர்த்தம் இல்ல. டிராவலருக்கு ஜீப் இன்ஜின்ங்கறது கம்பெனியே வேற, சிசியும் வேற. அந்தப் பட்டறைல "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்ணே"ன்னாங்க. 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி. காட்டி ரினிவல் பண்ணணும்ல, அங்க இன்ஸ்பெக்டர் பானெட்டத் தொறந்து நம்பரப் பாத்தாரு, ஆர்.சி.யப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. அவ்வளவுதான். பாத்துக்குறோம்னு சொன்னவங்க போன எடுக்கல.

இன்சூரன்ஸையும் மறக்காதீங்க. ஆர்.சி.ல ஒரு இன்ஜின், வண்டில ஒரு இன்ஜின்னா கிளைம் வர்றப்ப அவங்களுக்கு அது அல்வா. சீட்டக் குறைச்சு கட்டில் போடுறதும் மாத்தம்தான், நான் சீட் எண்ணிக்கையக் குறைச்சு ஆர்.சி.ல எழுதி வாங்கிட்டேன்.

திரும்ப பழைய இன்ஜினுக்கு வந்து என்ன மைலேஜ் குடுக்குது?

ஓவராயில் பண்ணி, சிலிண்டர் உள் சுவரக் கடைஞ்சு (போர் அடிக்கிறதும்பாங்க), புது பிஸ்டன் ரிங் எல்லாம் போட்டு 70,000 ரூபாய் ஆச்சு. மீட்டர் கேபிள் பல்லும் பழையபடி. கல்லுக் கணக்குல 9.2 குடுத்துச்சு. அதுக்கப்புறம் சில்லறை வேலையா 9,000 ரூபாய் செலவு பண்ணுனேன், 10.6 ஆயிருச்சு.

2 லட்சம் போட்டு மாத்துன ஜீப் இன்ஜின் 10.8. கணக்கு புரியுதா.

அந்த 9,000 ரூபாய் வேலை என்ன?

முக்கியமானது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்குற சின்ன வால்வு. நம்ம பக்கம் வண்டி சூடானா மெக்கானிக் மொதல்ல பண்றது அதைக் கழட்டி வீசுறதுதான். "இந்த வெயிலுக்கு அது எதுக்குண்ணே"ன்னு கேப்பாங்க. என் வண்டில தலைக்கு முன்னாடி இருக்குற அந்தக் கிண்ணம் மாதிரி கவர மூணு போல்ட்டு கழட்டிப் பாத்தேன். உள்ள வெறும் ஓட்டை, சுத்தி செங்காவிக் கலர்ல சேறு, விரல விட்டா கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டுது. தெர்மோஸ்டாட்டே இல்ல, எத்தன வருஷமா இல்லையோ. அது இல்லன்னா தண்ணி எப்பவும் ரேடியேட்டர் வழியாவே சுத்தும், இன்ஜின் சூடு 60 டிகிரியத் தாண்டவே நேரமாகும். குளுந்த இன்ஜின்ல டீசல் முழுசா எரியாது, ஆயில் கெட்டியா இருந்து இழுக்கும், போர் சீக்கிரம் தேயும். புதுசா ஒண்ணு போட்டேன், இப்போ முள்ளு 80-ஐ ஒட்டி நிக்குது. காலைல புகையும் பாதியாக் குறைஞ்சிருச்சு. இது ஒண்ணுலயே அரை கிலோமீட்டருக்கு மேல ஏறுச்சு. தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி சூடாச்சுன்னா ரேடியேட்டர் அடைச்சிருக்குன்னு அர்த்தம், தெர்மோஸ்டாட்டத் திட்டாதீங்க.

ரெண்டாவது இன்ஜினுக்குள்ள டீசலத் தெளிக்கிற நாசில். நாலையும் கழட்டி டெஸ்ட் பெஞ்சுல போட்டுப் பாத்தா ரெண்டு நாசில் புகையா தெளிக்காம ஒழுகுச்சு, குழந்தை எச்சி வடிக்கிற மாதிரி. மாத்துனேன். பம்ப் டைமிங்கையும் அப்பவே பாத்துட்டாங்க.

மூணாவது டயர் காத்து. வேனுக்கு லோடு ஏத்துனதுக்கு ஏத்த மாதிரி கதவு ஸ்டிக்கர்லயோ புக்லயோ என்ன போட்டிருக்கோ அந்தக் காத்து. காத்து புடிக்கிற கடைல "கார் மாதிரி 30 போதும்"னு விடுவாங்க, விடாதீங்க. நாலாவது மேல இருந்த கேரியரக் கழட்டிட்டேன், அதுல வருஷம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் சேரும் ஒரு பாயும் தவிர எதுவும் ஏறுனது இல்ல. அஞ்சாவது முன் சக்கர டிரம் லேசா பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, வண்டிய ஜாக்கில ஏத்திச் சக்கரத்தக் கையால சுத்துனா தெரிஞ்சிரும். ஏர் ஃபில்டர் சொல்லவே வேணாம், சாயல்குடி பக்கம் ஓட்டுறவங்களுக்கு அது செம்மண் ஃபில்டரு.

ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தலாமா?

வேணாம். நம்ம ஊரு போர் தண்ணிய பாத்திரத்துல கொதிக்க வச்சா வெள்ளையாப் படியுதுல்ல, அதேதான் பிளாக்குக்குள்ளயும் படியும். அந்தப் படிமம் சூட்ட வெளிய விடாது, அப்புறம் சூடாகும், அப்புறம் தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசுவாங்க, மேல சொன்ன கதை ஆரம்பமாகும். பேட்டரிக்கு ஊத்துற டிஎம் தண்ணியும் கூலன்ட்டும் சேத்து ஊத்துங்க. வழில ஆத்திர அவசரத்துக்கு காவிரிக் குடிநீர் ஓகே.

மைலேஜ எப்படித்தான் சரியாப் பாக்குறது?

ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க். ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானா கட் ஆனதும் நிறுத்திரணும், குலுக்கி குலுக்கி ஊத்தக் கூடாது. மீட்டர நம்பாம கிலோமீட்டர் கல்லு இல்ல போன் மேப்ப வச்சு ஒரு தடவயாவது சரிபாத்துக்கோங்க. டயர் சைஸ் மாத்துனாலும் மீட்டர் பொய் சொல்லும். ஒரு டேங்க்குல முடிவு பண்ணாம மூணு டேங்க் பாருங்க.

இங்க இன்னொரு விஷயம், காத்து. ஆனி ஆடில மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிறப்ப நான் ராமேஸ்வரம் போனா 12 வருது, திரும்பி வந்தா 9. இன்ஜின் அதே இன்ஜின்தான். போறப்ப காத்து முதுகுல தள்ளுது, வர்றப்ப மூஞ்சில அடிக்குது. 55-ல ஓட்டுறீங்க, எதுத்த காத்து 30-ல வருதுன்னா வேனுக்கு அது 85-ல ஓட்டுற மாதிரி. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 60-ல இருந்து 80-க்குப் போனாலே தடை 1.78 மடங்கு. நம்ம வேனு முன்னாடி பீரோ மாதிரி நிமிந்து நிக்குது, அதுக்கு இது இன்னும் உறைக்கும். அதனால போய்ட்டு வந்து ரெண்டும் சேத்துத்தான் கணக்குப் போடணும். போற கணக்க மட்டும் சொல்றவன நம்பாதீங்க, நானும் சொல்லிருக்கேன்.

எங்க வள்ளத்துல இருந்து கழட்டுன இன்ஜின் சும்மாக் கிடக்கு. அதை வேன்ல ஏத்தலாமா?

இதக் கேக்காத ஆளே இல்ல, தொண்டில இருந்து ஏர்வாடி வரைக்கும். ஏறாது. வள்ளத்து இன்ஜின் ஒரு சிலிண்டரோ ரெண்டு சிலிண்டரோ, ஒரே வேகத்துல மணிக்கணக்கா ஓடுறதுக்குன்னு கவர்னர் வச்சது. ரோட்டுல நிமிஷத்துக்கு நாப்பது தடவ ஆக்சிலேட்டர் ஏறி இறங்கும், அது தாங்காது, கிளட்ச் மாட்ட இடமும் இருக்காது. விசைப்படகு லேலண்ட் இன்ஜினக் கேக்குறவங்களுக்கு: அது ஆறு சிலிண்டரு, கனமே அரை டன் பக்கம், வேனோட முன் அச்சு மேல ஒரு எருமைய உக்கார வச்ச மாதிரி. போதாததுக்கு கடல் தண்ணில குளுந்த இன்ஜின், உள்ள வாட்டர் பாதை எல்லாம் அரிச்சிருக்கும். அப்பாகிட்ட ஒருக்கா இதக் கேட்டதுக்கு, "கடல்ல ஓடுனது கடல்லதான்டா ஓடும்"னுட்டு வலையப் பாக்கப் போயிட்டாரு.

போட் டீசல் கொஞ்சம் கிடைக்கும். மண்ணெண்ணெய் கலந்தும் ஊத்தலாம்ங்கறாங்க.

போட்டுக்கு வரி இல்லாம குடுக்குற டீசல் மீன்பிடிக்கு மட்டும்தான். அதை வேன்ல ஊத்துறது தப்பு, மாட்டுனா போட்டுக்காரரோட சலுகைக்கும் சேத்து வேட்டு. மண்ணெண்ணெய் வழவழப்பு இல்லாதது, பம்ப் பிளஞ்சரும் நாசிலும் டீசலோட வழவழப்புலதான் வாழுது. லிட்டருக்கு நாலு காசு மிச்சம் பாத்து 20,000 ரூபாய் பம்ப் வேலை வைக்க வேணாம்.

காமன் ரெயில் இன்ஜின் போட்டா?

கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற புது மாதிரி டீசல் இன்ஜின் அது, மைலேஜ் நல்லாத்தான் வரும். ஆனா அந்தக் கம்ப்யூட்டர் (இசியூ), வயரிங், அத்தன சென்சார், சாவியோட பேசுற இம்மொபிலைசர் எல்லாம் மொத்தமா வரணும். இதுல ஒரு கனெக்டர் பச்சை பூத்தா வண்டி படுத்துரும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் போய்ட்டு வந்து வண்டி அடியத் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, உப்பளம். பழைய பம்ப் இன்ஜின் ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா அப்புறம் பேட்டரியே இல்லாமக்கூட ஓடும், நடுவழில நின்னா ஸ்பேனர் வச்சு ஏர் எடுத்துட்டு கிளம்பிரலாம்.

கீழக்கரைல இருந்து கேக்குறேன் காக்கா (அண்ணே), என்கிட்ட ஆம்னி இருக்கு. ஈக்கோ இன்ஜின் போடலாமா?

ஆம்னி 796 சிசி, 2022 வரைக்கும் வந்த ஈக்கோ 1,196 சிசி. உக்கார வைக்கிறவங்க இருக்காங்க, ஆனா ஆர்.சி. சிசி மாறுது, மேல சொன்ன 52-வது பிரிவு இங்கயும் வரும். ஆம்னியோட பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அந்தச் சின்ன இன்ஜினுக்குத் தக்கபடி செஞ்சது தம்பி. அதுவும் நீங்க ரெண்டு பேரு படுக்கிற மாதிரி பலகை அடிச்சு, பேட்டரி, ஃபிரிட்ஜ்னு ஏத்தி வச்சிருந்தா மொதல்ல அந்த எடையக் குறைங்க.

ஆம்னிக்காரங்க இப்போ பாக்க வேண்டியது வேற. பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு லிட்டருக்கு சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால பழைய வண்டில 6, 7 சதவீதம் மைலேஜ் குறையறது சகஜம், இன்ஜின் கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேணாம். ஆனா பழைய கார்ப்ரேட்டர் வண்டில ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் ஊறி வெடிக்கும், எத்தனால் ஈரத்த இழுக்கும், நம்ம கடக்கரை காத்துல கேக்கவே வேணாம். ஒரு மாசம் நிறுத்தப் போறீங்கன்னா பாதி டேங்க்கோட நிறுத்தாதீங்க. ஹோஸ மாத்திருங்க, இன்ஜின் சூட்டுல பெட்ரோல் கசிஞ்சா மைலேஜ் பேச்சுக்கே இடமில்ல.

வெளிநாட்டுல ஃபோக்ஸ்வாகன் வேன்ல சுபாரு இன்ஜின் போடுறாங்களே?

போடுறாங்க, காரணம் வேற. அந்தப் பழைய வேன்ல இன்ஜின் பின்னாடி, காத்துல குளிர்ற 1,600 சிசி, 50 குதிரைச் சக்திதான், மலை ஏறுறப்ப பின்னாடி வர்ற லாரி ஹாரன் அடிக்கும். சுபாரு இன்ஜினும் அதே மாதிரி படுத்த நாலு சிலிண்டரு, அதனால அந்த எடத்துல அடங்கும். சக்திக்காக, நம்பி ஓட்டுறதுக்காக மாத்துறாங்க. மைலேஜ் வேணும்ங்கறவங்க ஐரோப்பால டிடிஐ டீசல் பக்கம் போறாங்க. எதைப் போட்டாலும் கியர் ரேஷியோ சேரலன்னா பிரயோசனம் இல்ல, 80-ல போறப்ப இன்ஜின் கத்திக்கிட்டே இருந்தா எந்த இன்ஜினும் குடிக்கத்தான் செய்யும். அது நமக்கும் பொருந்தும், பின் அச்சுல இருக்குற கிரவுன் பினியன் பல்லு எத்தனன்னு கேக்காம இன்ஜின் மாத்தாதீங்க.

எங்கப்பா சொல்லுவாரு, இந்த மாதிரி வெள்ளக்காரங்க வேன் எல்லாம் அந்தக் காலத்துல மண்டபத்துல நிக்குமாம். 1988-ல ரோட்டுப் பாலம் வர்றதுக்கு முன்னாடி தீவுக்குள்ள போக ரயில விட்டா வழியில்லல்ல.

எலக்ட்ரிக்கா மாத்திரலாமா?

அங்கீகாரம் வாங்குன கிட்டு உங்க வண்டி மாடலுக்கு இருந்தாத்தான். நம்ம ரோட்டுல சார்ஜ் போடுற எடத்தயும் எண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ராத்திரி படுக்கிறப்ப இன்ஜின ஓட விட்டு ஏசி போடலாமா?

சும்மா நிக்கிறப்ப ஏசியோட மணிக்கு முக்கால்ல இருந்து ஒரு லிட்டர் போயிரும், எட்டு மணி நேரத்துக்கு 600, 700 ரூபாய். அந்தக் காசுக்கு ராமேஸ்வரத்துல ஃபேன் ரூமே கிடைக்கும். அத விட முக்கியம், சைலன்சர் புகை உள்ள வந்தா தூக்கத்துலயே முடிஞ்சிரும். வேணாம். ஜன்னல் வலை, ஒரு 12 வோல்ட் ஃபேன் போதும், கடக்கரைல காத்துக்கு என்ன பஞ்சம்.

சரி, பழைய இன்ஜின்தான் செத்துப்போச்சு, அதே டைப்புல செகண்ட் ஹாண்ட் வாங்குறேன். எப்படிப் பாத்து வாங்குறது?

காயலாங்கடைல தரைல கிடக்குற இன்ஜின வாங்காதீங்க, ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்க. குளுந்த நிலைல ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும், நீங்க போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா சந்தேகப்படுங்க, பிளாக்கத் தொட்டா தெரிஞ்சிரும். சூடானதும் ஆயில் ஊத்துற மூடியத் தொறந்து லேசா மேல வைங்க. மூடி சும்மா துடிச்சா பரவால்ல, தூக்கி எறிஞ்சு புகை புஸ்ஸு புஸ்ஸுனு வந்தா ரிங் போச்சு. ஆயில் ஸ்டிக்ல மோர் கலர் இருந்தா தண்ணி கலந்திருக்கு, ஹெட் கேஸ்கெட்டோ பிளாக்கோ வெடிச்சிருக்கும். இன்ஜின் நம்பர் குத்துன எடத்த துணியால தொடச்சுப் பாருங்க, கிரைண்டர் போட்ட தடம் இருந்தா நேரா வெளிய வந்துருங்க, விலை பேசக்கூட நிக்காதீங்க. பில்லுல அந்த நம்பர் இருக்கணும், ஆர்.டி.ஓ.ல அதத்தான் கேப்பாங்க.

வாங்குன இன்ஜின மாட்டுறதுக்கு முன்னாடி எர்த் வயரப் புதுசாப் போடுங்க, இன்ஜின்ல இருந்து சேசிஸுக்கு வர்ற அந்தப் பட்டை வயரு. நம்ம பக்கம் அது உள்ளுக்குள்ளயே பச்சையா மக்கியிருக்கும், வெளிய பாத்தா நல்லாத் தெரியும். என் வண்டி மூணு மாசம் காலைல ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிச்சு, பேட்டரிய மாத்தி, செல்ஃப் மோட்டார மாத்தி, ஹீட்டர் ப்ளக்க மாத்தி, கடைசில அந்த 150 ரூபாய் வயருதான்.